பித்தப்பையில் கல் இல்லை, ஆனால் விலாவுக்குக் கீழே வலி இருக்கிறது

மருதாணி | திங்கள், இரவு 10.42

இந்தக் குழுமத்தை மூன்று ஆண்டுகளாக வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். வேறு எங்கும் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க வேண்டியிருப்பதால் புதுப் பெயரில் எழுதுகிறேன்.

வயது 27. திருமணமாகிப் பதினான்கு மாதம். ஒன்பது வாரமாக வலது விலாவுக்குக் கீழே குத்தல். மூச்சை ஆழமாக இழுத்தால் கூடும். படுக்கையில் புரண்டால் கூடும். சில நாள் வலது தோள்பட்டை வரை ஏறும். ரசத்துக்குத் தாளிக்கும்போது சமையலறையை விட்டு ஓடிவிடுவேன். ஒரு தும்மல் வந்தால் உயிர் போய்விட்டு வரும்.

முதல் மருத்துவர் வாயுத் தொல்லை என்றார். பாட்டில் பாட்டிலாக ஆன்டாசிட் குடித்தேன். அடுத்தவர் தசைப்பிடிப்பு என்றார். ஸ்கேன் எடுத்தோம், பித்தப்பையில் கல் இல்லை. கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின் எல்லாம் சரியான அளவில்தான் இருந்தன. எண்டோஸ்கோப்பியும் ஆயிற்று. கடைசியில் ஒரு அறுவை மருத்துவர், கல் இல்லாவிட்டாலும் பித்தப்பை சுருங்கி விரிவதில் கோளாறு இருக்கலாம், எடுத்துவிடலாம் என்று தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் 'கல்லீரல்' என்ற சொல் காதில் விழுந்ததும் என் மாமியார் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி ஏழு நாள் கொடுத்தார். காலையில் எழுந்ததும் என் கீழிமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாளும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

போன வாரம் குழந்தை தங்கவில்லை என்பதற்காக ஒரு பெண்கள் நல மருத்துவரிடம் போனோம். போகிற போக்கில் இந்த வலியையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கணவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். "விலா வலிக்கு முன்னால் அடிவயிறு வலித்ததா? வெள்ளைப்படுதல் நிறம் மாறியிருந்ததா?" என்று கேட்டார். இரண்டும் இருந்தன. மாதவிலக்கு வலி என்று வெந்தயத்தை விழுங்கி மோர் குடித்துவிட்டுப் படுத்ததோடு மறந்துவிட்டிருந்தேன். பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து அனுப்பினார். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருப்பதாக முடிவு வந்தது.

அவர் சீட்டில் எழுதியிருப்பது ஃபிட்ஸ்-ஹியூ கர்ட்டிஸ் சின்ட்ரோம். கல்லீரலின் மேலுறையில் அழற்சி என்றார். இன்று மாத்திரையின் மூன்றாம் நாள்.

இரண்டு கேள்விகள். கீழே இருந்த கிருமி கல்லீரலுக்கு எப்படிப் போனது? இரண்டாவதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அது எனக்கு எப்படி வந்தது?

மாங்காய்த்தோட்டம் | திங்கள், இரவு 11.05

சகோதரி, பயப்படாதீர்கள். பாலுறவு வழியாகக் கல்லீரலுக்கு வருவது ஹெபடைடிஸ் பி. என் மைத்துனருக்கு இருந்தது. உடனே அதற்கான இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கணவருக்குத் தடுப்பூசி போடுங்கள். கீழாநெல்லியை நிறுத்த வேண்டாம்.

பழைய ஊசி | செவ்வாய், காலை 5.50

மாங்காய்த்தோட்டம் அவர்களே, நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் இது அதுவல்ல. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரலின் உயிரணுவுக்குள் புகுந்து கெடுக்கிறது. அதனால் எஸ்ஜிபிடி ஏறும், மஞ்சள் காமாலை வரலாம். மருதாணிக்கு வந்திருப்பதில் கல்லீரல் பெரும்பாலும் ஒன்றும் அறியாத அப்பாவி. அதன் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும், அதற்கு எதிரே இருக்கும் வயிற்றுச் சுவரின் உட்போர்வைக்கும்தான் அழற்சி. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் சிக்காமல் போனது அதனால்தான். ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, சிபிலிஸ் மூன்றுக்கும் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். ஒரு பால்வினைத் தொற்று இருந்தால் மற்றவற்றையும் பார்ப்பது முறை. அது வேறு சங்கதி.

மருதாணி அம்மா, நான் ஓய்வுபெற்ற பொது மருத்துவன். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

கிளமிடியாவோ கொனோரியாவோ, நம் ஊர்ப் பழைய பேச்சில் வெட்டை நோய் என்பார்களே அது, கருப்பை வாயிலிருந்து மேலே ஏறிக் கருப்பையையும் கருக்குழாயையும் பிடிக்கும். இது இடுப்புக்குழி அழற்சி. கருக்குழாயின் மறுமுனை மூடியிருப்பதில்லை. வயிற்றுக்குழிக்குள் திறந்தே கிடக்கிறது. அங்கிருந்து கசியும் நீர், வலப்பக்கப் பெருங்குடலை ஒட்டிய பள்ளத்தில், வாய்க்காலில் ஓடுவது போல மேலே போகும். மேலே எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். நாம் மூச்சு விடும்போதெல்லாம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் திரையான உதரவிதானம் ஏறி இறங்குகிறது. அதன் அடியில் அழுத்தம் குறைவதால் நீர் அந்தப் பக்கம் இழுபடுகிறது. இடப்பக்கத்திலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு, ஆனால் மேலே ஒரு தசைநார் குறுக்கே நின்று வழியை மறிக்கிறது. வலப்பக்கம் மறிப்பு இல்லை. வழியின் முடிவில் கல்லீரல் உட்கார்ந்திருக்கிறது.

நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் போகலாம் என்று சொல்வோரும், கிருமியைவிட அதற்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையே அழற்சியைப் பெரிதாக்குகிறது என்போரும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. உறைக்குத் தெரியும். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குவது, தோளுக்கான நரம்பு புறப்படும் இடமும் அதேதான். எனவே விலாவுக்கடியில் எரிகிற நெருப்பைத் தோளில் எரிவதாக மூளை எடுத்துக்கொள்கிறது.

அவசரமாக ஒரு கேள்வி. அந்த ஆன்டாசிட்டை இன்னும் குடிக்கிறீர்களா?

மருதாணி | செவ்வாய், காலை 7.15

குடிக்கிறேன் ஐயா. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று மாத்திரையோடு சேர்த்தே குடிக்கிறேன்.

பழைய ஊசி | செவ்வாய், காலை 7.31

நிறுத்துங்கள். நீங்கள் விழுங்குவதில் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி இருக்கிறது அல்லவா, ஆன்டாசிட்டில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். மருந்தில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரைக்கும் இதே கதி. இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொல்லுங்கள். மூன்று நாள் மருந்து வீணாகியிருக்கலாம், என்ன செய்வதென்று அவர் முடிவு செய்வார். சாப்பிட்டபின், ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காதீர்கள், உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். வெயிலில் அலையாதீர்கள். கருத்தரித்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கரிசல் | செவ்வாய், காலை 9.20

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். விலாவில் வலி என்று போன பெண்ணிடம் பால்வினை நோய் என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆய்வகங்கள் தவறு செய்வதில்லையா? ஒரு பஞ்சுக் குச்சியை நம்பி ஒரு குடும்பத்தை உடைத்துவிடலாமா? வேறு இடத்தில் மறுபடி பரிசோதனை செய்யுங்கள் என்பேன்.

பழைய ஊசி | செவ்வாய், முற்பகல் 11.48

கரிசல், நியாயமான கேள்விதான். ஆய்வகத்தில் தவறு நடக்கும். ஆனால் இங்கே பஞ்சுக் குச்சி மட்டும் பேசவில்லை. இளம் வயது, முதலில் அடிவயிற்று வலி, பிறகு மூச்சோடு கூடும் விலா வலி, கல் இல்லாத பித்தப்பை, ஏறாத கல்லீரல் அளவுகள். கதை முழுவதும் ஒரே திசையில் போகிறது. ஐயம் இருந்தால் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனில், மருந்து பாயும் முதல் கட்டத்தில் கல்லீரலின் விளிம்பு பளிச்சென்று கோடு போலத் தெரியும். அதையும் தாண்டினால் லேப்ரோஸ்கோப்பி, அதாவது வயிற்றில் துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது. பாதுகாப்பான மாத்திரைக்கு நோய் கேட்கும்போது யாரும் வயிற்றில் துளை போடுவதில்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன், என் தலைக்குனிவுக் கதை. எண்பதுகளின் இறுதி. 22 வயதுப் பெண், இதே வலி. ஸ்கேன் எளிதில் கிடைக்காத ஊர். பித்தப்பை என்று எழுதி நான்தான் அறுவைக்கு அனுப்பினேன். உதவிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வயிற்றைத் திறந்தால் பித்தப்பை பழுதின்றி, அழகான நீலப் பச்சையில் இருக்கிறது. கல்லீரலின் முகப்புக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக இழைகள், பந்தற்காலில் இழுத்துக் கட்டிய வாழைநார் போல. என் மூத்தவர் ஒரு இழையை விரல் நுனியால் சுண்டிப் பார்த்துவிட்டு, "திருடன் கீழ்வீட்டில் இருக்கிறான், நீ மாடிவீட்டுக்காரனைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றார்.

அந்தப் பெண்ணிடம் நான் அடிவயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வெட்கப்பட்டது நான்.

மூன்றாமாண்டு | செவ்வாய், மாலை 4.10

வணக்கம் ஐயா, மருத்துவக் கல்லூரி மாணவன். பாடத்தில் இந்த இழைகளை வயலின் தந்தி என்று படித்தோம். வாழைநார் இனி மறக்காது. ஃபிட்ஸ், ஹியூ, கர்ட்டிஸ் என மூவரா இதைக் கண்டுபிடித்தார்கள்?

பழைய ஊசி | செவ்வாய், மாலை 6.02

இருவர்தான். ஃபிட்ஸ்-ஹியூ ஒரே ஆள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள், நினைவில் வைத்துக்கொள்.

சிகாகோவில் ஆர்தர் கர்ட்டிஸ் என்ற மகளிர் நோய் மருத்துவர் 1930-இல் இந்த இழைகளைப் பற்றி எழுதினார். கருக்குழாயில் கொனோரியாவின் தடயம் உள்ள பெண்களுக்கே கல்லீரலின் மேலும் இழைகள் இருப்பதை அவர் கவனித்திருந்தார். வயலின் தந்தி உவமை அவருடையது. பிலடெல்பியாவில் தாமஸ் ஃபிட்ஸ்-ஹியூ 1934-இல் அந்த இழைகளுக்கு முந்தைய நிலையை, அதாவது கடும் வலியோடு வரும் புது நோயை விவரித்தார். ஒருவர் தழும்பைப் பார்த்தார், மற்றவர் காயத்தைப் பார்த்தார். ஆனால் இருவருக்கும் ஏறத்தாழ பத்தாண்டு முன்பே உருகுவே நாட்டு அறுவை மருத்துவர் கார்லோஸ் ஸ்டஹானோ இதை எழுதிவிட்டார். ஸ்பானிய மொழியில் எழுதியதால் ஆங்கில உலகம் கவனிக்கவில்லை. நோயின் பெயரில் அவரையும் சேர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், சேர்க்கத்தான் வேண்டும்.

நெடுநாள் இது கொனோரியாவின் வேலை என்றே எல்லோரும் நம்பினார்கள். எழுபதுகளின் இறுதியில்தான் கிளமிடியாவின் பெயர் அடிபட ஆரம்பித்தது. இன்று பெரும்பங்கு அதற்குத்தான். இடுப்புக்குழி அழற்சி வந்த பெண்களில் நூற்றுக்கு 4 முதல் 14 பேருக்குக் கல்லீரல் உறை வரை போகும் என்பது புத்தகக் கணக்கு. பதின்வயதினரில் இன்னும் கூடுதல்.

நாட்டாமை | செவ்வாய், இரவு 8.44

இந்தப் பதிவு நீக்கப்பட்டது.

நெறியாளர் | செவ்வாய், இரவு 8.51

மருத்துவக் கேள்வி கேட்டவரின் ஒழுக்கத்தை விசாரிக்கும் பதிவுகள் இங்கே நிற்காது. அடுத்த முறை பதிவோடு சேர்த்து ஆளும் நீக்கப்படுவார்.

காவேரிக்கரை | செவ்வாய், இரவு 9.30

மருதாணி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பால்வினைத் தொற்று ஆலோசகராகப் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவள். இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை எண்ணி மாளாது. பலர் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்ப்பார்கள்.

கிளமிடியா பாலுறவு வழியாக வருவது. கழிப்பறை, துண்டு, நீச்சல்குளம் என்று யாராவது சொன்னால் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். ஆனால் எப்போது வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது, ஆண்களிலும் பலருக்கு அப்படித்தான். ஓராண்டுக்கு மேலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். திருமணத்துக்கு முந்தையதா பிந்தையதா, அவரிடமிருந்தா உங்களிடமிருந்தா என்று எந்த ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. "கணவர் தவறு செய்தாரா" என்று என்னிடம் கேட்டவர்களிடம், இந்தத் தாளில் அதற்கு விடை இல்லை என்று மட்டும் சொல்வேன். இருவரும் பேசித்தான் அறிந்துகொள்ள வேண்டும், அல்லது அறியாமல் விட வேண்டும்.

பேச்சு தள்ளிப்போகலாம், மருந்து தள்ளிப்போகக் கூடாது. அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவு கொண்ட துணைக்கு, அவருக்கு ஒரு தொல்லையும் இல்லாவிட்டாலும், சிகிச்சை தர வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பதினான்கு நாள் மாத்திரையை முடித்த மறுவாரம் தொற்று திரும்ப வரலாம். இருவரும் மருந்தை முடித்து, உங்கள் வலியும் போகும்வரை உறவைத் தள்ளி வையுங்கள். உடனே மறு பரிசோதனைக்கு ஓடாதீர்கள். நான்கு வாரத்துக்குள் எடுத்தால், செத்த கிருமியின் எச்சத்தை வைத்தே தொற்று இருப்பதாகக் காட்டிவிடலாம். மூன்று மாதம் கழித்து எடுப்பது வழக்கம்.

செலவு தடையாக இருந்தால், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பலகையைத் தேடுங்கள். இலவசம். நான் வேலை பார்த்த காலத்தில் நோய்க்குறிக்கு ஒரு நிறமாக மருந்துப் பெட்டி வைத்திருப்போம். அடிவயிற்று வலிக்கு மஞ்சள். வரிசையில் நிற்கும் பெண்கள் பெட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள். நாளடைவில் செய்தித்தாளைக் கிழித்துச் சுற்றிக் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

செண்பகம் | புதன், காலை 10.15

என் அனுபவத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு வேறு. குழந்தையின்மைக்காக எனக்கு லேப்ரோஸ்கோப்பி செய்தார்கள். கல்லீரலின் மேல் இதே இழைகள். படத்தைப் பார்த்த உதவி மருத்துவர் என் கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன், இரண்டு வாரம். கிளமிடியாவும் இல்லை, கொனோரியாவும் இல்லை. கருப்பை உட்சுவரின் சதை மாதிரியில் காசநோய் என்று வந்தது. இருமல் கூட வந்ததில்லை எனக்கு. ஆறு மாத மாத்திரை. அந்த இரண்டு வாரப் பார்வைக்காக இன்றும் அவரிடம் வெட்கப்படுகிறேன்.

பழைய ஊசி | புதன், பிற்பகல் 1.20

செண்பகம் சொன்னது இந்தியாவில் மிக முக்கியம். இனப்பெருக்க உறுப்புகளின் காசநோயும் கல்லீரலுக்கு மேல் இதே வகை இழைகளைப் பின்னும். மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு இழையைக் கண்டதும் பால்வினை நோய் என்று முத்திரை குத்துவது நம் நாட்டில் பெரும்பிழை. கரிசலின் கோபத்துக்கு நான் தலை வணங்குவது இந்த இடத்தில்தான். மருதாணியிடம் கிருமியே பிடிபட்டுவிட்டது, அதனால் ஐயம் குறைவு. பிடிபடாமலும், மருந்துக்கு வலி அடங்காமலும் இருந்தால் காசநோயைத் தேடியாக வேண்டும்.

பெயர் வேண்டாம் | புதன், இரவு 11.58

ஆண்களுக்கு இது வருமா?

பழைய ஊசி | வியாழன், காலை 5.40

கல்லீரல் உறை அழற்சி ஆண்களுக்கு வருவது மிக மிக அரிது, ஏடுகளில் சிலரைப் பற்றிய குறிப்புகள் மட்டுமே உண்டு. கருக்குழாய் இல்லாததால் அந்தத் திறந்த வாசல் இல்லை. ஆனால் நள்ளிரவு 11.58-க்குக் கேட்பவர் கல்லீரலைப் பற்றிக் கேட்பதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை போதும் தம்பி. போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருதாணி | அடுத்த வாரம் ஞாயிறு, மாலை 5.25

எல்லோருக்கும் நன்றி. ஆன்டாசிட் விஷயத்தைச் சொன்னதும் மருத்துவர் மாத்திரையை மீண்டும் முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். வாயில் எந்நேரமும் செப்புக் காசு சப்புவது போல ஒரு சுவை. அது கூடவே கொடுத்த மெட்ரோனிடசோல் மாத்திரையால் என்றார்.

கணவரிடம் சொன்னேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கி, பால்காரர் வரும்வரை பேசினோம். அவருக்கும் பரிசோதனையில் இருப்பதாக வந்தது. என்ன பேசினோம் என்பது எங்களிடமே இருக்கட்டும். மாத்திரையை இருவரும் ஒரே நேரத்தில் விழுங்குகிறோம், ஒருவரையொருவர் பார்க்காமல்.

ஒரு பயம் மட்டும். குழந்தை?

பழைய ஊசி | ஞாயிறு, இரவு 7.10

பொய் சொல்ல மாட்டேன். கல்லீரல் மேலுள்ள இழைகளால் கருத்தரிப்புக்குத் தடையில்லை. கீழே கருக்குழாயில் தழும்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்வீடனில் லுண்ட் நகரில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒருமுறை இடுப்புக்குழி அழற்சி வந்தவர்களில் குழாய் அடைப்பால் குழந்தையின்மை நூற்றுக்கு 8 பேருக்கு. இரண்டு முறை வந்தவர்களுக்கு 20-ஐ ஒட்டி. மூன்று முறை என்றால் 40. நீங்கள் எட்டின் பக்கம் நிற்கிறீர்கள், அதாவது தொண்ணூற்றிரண்டின் பக்கமும். மறுமுறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போனால் தாமதிக்காமல் ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். குழாயில் தங்கிவிடும் ஆபத்து உங்களுக்குச் சற்றுக் கூடுதல்.

மருதாணி | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 8.05

மாத்திரை முடிந்துவிட்டது. நான்காம் நாளே பாதி வலி போயிருந்தது. இன்று காலை காய்ந்த மிளகாய் கருகி, தொடர்ந்து ஐந்து தும்மல். ஒவ்வொன்றுக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டேன், பழக்கதோஷம். வலிக்கவில்லை.

பித்தப்பை அறுவைக்குக் குறித்திருந்த தேதியைத் தொலைபேசியில் நீக்கச் சொன்னேன். காரணம் எழுத வேண்டும் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டார். "பித்தப்பை என்னிடமே இருக்கட்டும்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன், தட்டச்சுச் சத்தம் கேட்டது.

மாங்காய்த்தோட்டம் | சனி, காலை 8.40

மிக்க மகிழ்ச்சி சகோதரி. மாமியாரிடம் என்ன சொன்னீர்கள்?

மருதாணி | சனி, காலை 8.52

கீழாநெல்லி கேட்டுவிட்டது என்று. இப்போது எதிர்வீட்டு அக்காவின் முழங்கால் வலிக்கும் அரைத்துக்கொண்டிருக்கிறார்.